திருப்பட்டூர்: விதியிருந்தால் விதி கூட்டும் தலம்

முதலில் ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள். திருப்பத்தூர் என்று தமிழ்நாட்டில் இரண்டு ஊர்கள். ஒன்று மாவட்டத் தலைநகர், இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில். பிரம்மா கோயில் இருப்பது திருச்சி மாவட்டத் திருப்பட்டூர். டிக்கெட் எடுத்தபின் தெரிந்தால் ஒரு நாள் வீண். திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் தாண்டி சிறுகனூர். அங்கே இடப்பக்கம் பிரிந்து சுமார் 5 கி.மீ.

பெரும்பாலோர் நேரே பிரம்மா சன்னதிக்கு ஓடுகிறார்கள். அது தலத்தின் கதையையே தலைகீழாக்குவது. செருக்கினால் ஐந்தாம் தலையையும் படைப்புத் தொழிலையும் இழந்த பிரம்மா, 12 லிங்கங்களை வைத்து வணங்கி இழந்த தொழிலைத் திரும்பப் பெற்ற இடம் இது. எல்லோர் தலையிலும் எழுதுகிறவருக்கே தலையெழுத்து மாறியது இங்கேதான். ஆகவே அவர் வணங்கிய சிவனான பிரம்மபுரீஸ்வரரை முதலில் தரிசித்துவிட்டு பிரம்மாவிடம் போவதே முறை. மூலவரையும் சேர்த்துத்தான் 12 என்ற கணக்கு. தாயுமானவர், ஜம்புகேஸ்வரர், அருணாசலேஸ்வரர், காளத்திநாதர், கைலாசநாதர் முதலிய மற்றவர்கள் தனித்தனிச் சிறு சன்னதிகளில் இருக்கிறார்கள். அவசரத்தில் விடுபடுவது இவர்கள்தான்.

பிரம்மா தாமரைமேல் அமர்ந்த பெரிய திருமேனி, மஞ்சள் காப்பில். ஜாதகத்தை அவர் பாதத்தில் வைத்துத் தரச் சொல்வது வழக்கம். மூல ஜாதகத்தைக் கொண்டுபோக வேண்டாம், நகல் போதும். மஞ்சள் பட்டால் பழைய தாளில் எழுத்து மங்கும். வியாழக்கிழமை கூட்டம் நெரியும். நின்று வேண்ட நினைப்பவர் வேறு நாள் பார்ப்பது நல்லது.

என்ன வேண்டுவது என்பதில்தான் குழப்பம் அதிகம். பிரம்மாவுக்குச் சிவன் இட்ட கட்டளை, "விதியிருப்பின் விதி கூட்டி அருள்க" என்பது. அழித்துவிடு என்று சொல்லவில்லை, கூட்டு என்றார். சைவம் வினையை மூன்றாகப் பிரிக்கும்: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவிக்கென வந்த பிராரத்தம், இன்று நாம் செய்து சேர்க்கும் ஆகாமியம். ஜாதகம் காட்டுவது நடுவில் உள்ளதை மட்டும். மூன்றாவது நம் கையில். ஜாதகத்தை வைத்துவிட்டு, பேச்சை நிறுத்திய அண்ணனிடம் அதன்பிறகும் பேசாமல் இருப்பவருக்கு பிரம்மா எதைக் கூட்டுவார்?

பிரம்மா சன்னதிக்கு அருகிலேயே பதஞ்சலி முனிவரின் ஜீவசமாதி. ராமேஸ்வரத்திலும் அப்படிச் சொல்வார்கள்; வழக்காட வேண்டியதில்லை. சத்தமில்லாமல் சிறிது நேரம் உட்காரலாம்.

அத்தோடு திரும்பிவிடாமல், அதே ஊரிலுள்ள காசி விஸ்வநாதர் கோயிலுக்கும் போங்கள். அங்கே இருப்பது, பதஞ்சலியோடு தில்லைக் கூத்தைக் கண்ட வியாக்ரபாதரின் சமாதி. வண்டு தொடாத பூவைப் பொழுது விடியுமுன் மரமேறிப் பறிக்க, புலிக்கால்களைத் தாமே கேட்டு வாங்கியவர் அவர். பூசைக்குத் தண்ணீர் கிடைக்காதபோது அந்தக் கால்களாலேயே தரையைக் கீறி நீர் வரவழைத்தார் என்கிறது தலபுராணம். கோயிலருகே அந்தக் குளம் இருக்கிறது. பெயர் புலிப்பாய்ச்சி தீர்த்தம்.