வித்தி சேர் ஊருக்குள் தேடிய வரலாறு

நாங்கள் "வித்தி சேர்" என்று அழைத்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் பிறந்து நூறு ஆண்டுகள் 2024 மே மாதத்தில் நிறைவுற்றன. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் தமிழ் படித்தவர்களுள் எஞ்சியிருக்கும் நாங்கள் இன்று வெவ்வேறு நாடுகளில் எண்பது வயதைத் தொட்டும் கடந்தும் இருக்கின்றோம். நூற்றாண்டு மலர்க்குழுவினர் அவரைப் பற்றி எழுதக் கேட்டவுடன், அவர் வகித்த பதவிகளைவிட அவர் எங்களை ஆடவைத்த கூத்தே முதலில் நினைவுக்கு வந்தது.

யாழ்ப்பாணத்து வீமன்காமத்தில் பிறந்து, சுவாமி விபுலாநந்தரிடமும் பேராசிரியர் கணபதிப்பிள்ளையிடமும் கற்ற அவர், பத்துப்பாட்டை வரலாற்று, சமூக, மொழியியல் நோக்கில் ஆராய்ந்து 1950 இல் லண்டனில் கலாநிதி (முனைவர்) பட்டம் பெற்றார். 1954 இல் வெளிவந்த "தமிழர் சால்பு" சங்ககாலத் தமிழரின் வாழ்வையும் பண்பாட்டையும் விரித்துரைத்தது. ஆனால் ஏட்டில் உள்ளது மட்டுமே வரலாறு என்று அவர் கருதவில்லை. மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தார். படித்தவர்கள் பொருட்படுத்தாதிருந்த கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார்.

அவர் எங்களைக்கொண்டு மேடையேற்றிய "கர்ணன் போர்" கூத்தின் ஒத்திகை நடந்த மாலைகள் அன்றிருந்தோருக்கு மறந்திருக்காது. சுற்றிலும் பார்வையாளர் இருக்கும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடும் வடமோடி மரபுக் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் அடக்கி, ஒரு பக்கம் மட்டுமே பார்வையாளர் இருக்கும் மேடைக்கு அமைக்கவேண்டியிருந்தது. மத்தளத்தோடு கால் பிசகினால் சல்லரி என்னும் கைத்தாளம் நின்றுவிடும்; பாத்திரம் மேடைக்கு வரும்போது ஆடும் வரவுத் தாளத்தை மறுபடி தொடக்கத்திலிருந்தே ஆடவேண்டும். ஊரிலிருந்து கூத்துப் பழக்க வந்த அண்ணாவியாருக்கு, எழுத்தறிவு மிகுந்த எங்களைவிடக் கூடிய மரியாதை அந்த மண்டபத்தில் இருந்தது. பாடநூல் எதுவும் எனக்குத் தராத பாடம் அது. "இராவணேசன்" கூத்து அதன்பின் வந்து, ஈழத்து அரங்கில் கூத்தின் இடத்தை உறுதிசெய்தது.

பின்னாளில் சோதனைகளே அவருக்கு அதிகம் வாய்த்தன. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை யாழ்ப்பாணத்திலேயே நடத்த முன்னின்றார். அதன் இறுதி நாளில் பொலிஸாரின் நடவடிக்கையின்போது நேர்ந்த உயிரிழப்புகளை நாம் அனைவரும் அறிவோம். பேராசிரியர் கைலாசபதியை அடுத்து 1977 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்துக்குத் தலைவரானார். 1979 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானார். பொது நூலகம் எரிந்த 1981, தெற்கிலிருந்து மக்கள் அகதிகளாக வந்திறங்கிய 1983, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள வளாகமே போர்க்களமான 1987 ஆகிய ஆண்டுகளெல்லாம் அவருடைய காலத்திலேயே வந்தன. அத்தகைய காலத்தில் விரிவுரைகளும் பரீட்சைகளும் நடந்ததையே நான் அவருடைய பெரிய சாதனையாகக் கருதுகின்றேன். 1989 ஜனவரியில் அவர் மறைந்தபோது என்னைப் போன்ற பலர் ஏற்கெனவே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தோம். லண்டனில் பட்டம் பெற்று ஊருக்குத் திரும்பியவரின் மாணவர்கள், ஊரில் பட்டம் பெற்று லண்டனுக்கு வந்து தங்கிவிட்டோம். பிள்ளைகளின் படிப்பும் பாதுகாப்பும் காரணங்களாக இருந்தன. அவை உண்மையான காரணங்களே. ஆயினும் அவரிடம் கற்றதை அந்த மண்ணிலிருந்து கற்பிக்கும் வாய்ப்பை நான் இழந்தேன் என்ற எண்ணம் வயதோடு கூடிவருகின்றது.

என்னோடு படித்தவர்களே, அந்தக் கூத்துகளின் ஒத்திகைப் படங்களோ நிகழ்ச்சி நிரல்களோ உங்கள் வீடுகளில் இருக்குமாயின், அவற்றின் பிரதிகளை எடுத்துவைத்துக்கொண்டு மூலங்களை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பின்புறத்தில் எழுதிவிடுங்கள். அவர்களை அடையாளம் காணக்கூடியவர்கள் இப்போது நாம் மட்டுமே.