மலை குறுக்கே நிற்கிறது: ஒரு ஹாம் நாட்குறிப்பு

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

புரட்டாசிப் பௌர்ணமிக்கு இன்னும் பதினைந்து நாள். அன்று கிரிவலக் கூட்டத்துக்கு உதவ, ஹாம்கள் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) நாங்கள் பாதை நெடுக வானொலித் தொடர்பு அமைக்க வேண்டும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. வட்டத்தின் குறுக்களவு நாலைந்து கி.மீ.தான். வெட்டவெளியில் அதற்கு 5 வாட் ஹேண்டி (வாக்கி-டாக்கி) தாராளம். இங்கே வட்டத்தின் நடுவில் மலை உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே இந்திர லிங்கத்தில் பேசுவது மேற்கே வருண லிங்கத்தில் கேட்காது. தெற்கே எம லிங்கத்துக்கும் வடக்கே குபேர லிங்கத்துக்கும் அதே கதை.

அலை மலை விளிம்பில் கொஞ்சம் வளையும். 435 மெகாஹெர்ட்ஸைவிட 145 நன்றாக வளையும் என்பதால் அந்த 2 மீட்டர் (அலைநீளம்) பட்டைதான். இன்னொன்று: மலையடியை ஒட்டி நிற்கக் கூடாது. எவ்வளவு ஒட்டுகிறோமோ அவ்வளவு செங்குத்தாக அலை வளைய வேண்டியிருக்கும். அதனால் நெட் கன்ட்ரோல் (எல்லோர் பேச்சையும் ஒழுங்குபடுத்தும் தலைமை நிலையம்) கிழக்கே தள்ளி, ஊருக்குள் ஒரு மொட்டை மாடியில். தென்மேற்கே நிருதி லிங்கத்திலும் வடமேற்கே வாயு லிங்கத்திலும் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ரிலே ஆட்கள். ரிப்பீட்டர் (கேட்டதைத் தானாகத் திரும்ப ஒலிபரப்பும் உயரத்து நிலையம்) கிடைத்தாலும், செட்டுக்குச் செட் பேசும் நேரடி அலைவரிசைதான் முதல் திட்டம். புயல் நாளில் ரிப்பீட்டருக்குக் கரண்ட் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆன்டெனா வேலை. ஹேண்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனா ரிலே இடத்துக்கு உதவாது. ஆன்டெனா கேபிள் மாட்டும் எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று, 2.5 மி.மீ. பித்தளைக் கம்பி, நான்கு போல்ட் நட்டு. கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா (நடுவில் நிற்கும் ஒரு கம்பி, கீழே நான்கு கம்பி) தயார். நடுக்கம்பி 145 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 49 செ.மீ. முதலில் 50.5 வெட்டி, மீட்டரைப் பார்த்து 3 மி.மீ. 3 மி.மீ. ஆகக் குறைக்க வேண்டும். குறைத்ததை ஒட்ட முடியாது. கீழ்க்கம்பி நான்கும் 52 செ.மீ., 45 டிகிரி கீழே சாய்த்து. படுக்கையாக விட்டால் மின்தடை செட் எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு நன்றாகக் கீழே போகும், எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பொருந்தாமல் திரும்பி வரும் அலையைக் காட்டும் அளவு) 1.5க்குள் இறங்க அடம்பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 20 மீட்டர் மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் போட்டால் இந்த அலைவரிசையில் 4 டெசிபல் போய்விடும். அதாவது பாதிக்கு மேல் பவர் கேபிளைச் சூடாக்கத்தான். அதே நீளம் தடிமனான ஆர்.ஜி.213 என்றால் இரண்டு டெசிபலுக்குள். தடிமன் கேபிள் இல்லையென்றால் கம்பத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, வானொலி செட்டைக் கம்பத்தடிக்கே கொண்டு போய்விடலாம். கம்பத்துக்குச் சவுக்குக் கழி. மின்கம்பியிலிருந்து கழியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி நட வேண்டும். கழி விழும் திசையை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அக்டோபர் 2, வியாழன்

பேட்டரி முழு சார்ஜ், 12.6 வோல்ட் காட்டுகிறது, பி.டி.டி.யை (பேசும் பொத்தானை) அழுத்தினால் செட் அணைந்துவிடுகிறது. பழி பேட்டரி மேல் விழும், குற்றவாளி வயர். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியர் இழுக்கும். 3 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. வயர் என்றால் போக வர 6 மீட்டர், அதில் மட்டும் 1 வோல்ட் விழும். சுமை ஏறியதும் பேட்டரியும் கொஞ்சம் இறங்க, செட்டுக்குப் போய்ச் சேர்வது 11.3 அளவில். பெரும்பாலான மொபைல் செட்டுகள் 13.8க்கு 15 சதவீதம் கீழே, 11.7 வரைதான் தாங்கும். 4 சதுர மி.மீ. வயருக்கு மாற்றினால் இழப்பு கால் வோல்ட். ஃபியூஸ் பேட்டரி முனையில். செட் முனையில் மட்டும் போட்டால் இடையில் வயர் உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது.

7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. ரிலே ஆள் 10 வாட்டில் பேசினால் கூடுதல் நேரம் தாங்கும், 50இல் சீக்கிரம் தீரும்.

அக்டோபர் 5, ஞாயிறு

செய்திப் பயிற்சி. படிவத்தில் எண், நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, செய்தி 25 சொல்லுக்குள். வாங்கியவர் முழுதும் திருப்பிப் படிக்க வேண்டும். ‘சரி, கிடைத்தது’ செல்லாது. இரைச்சலில் ஏழும் எட்டும் ஒன்றுபோலக் கேட்கும், எழுபதும் எண்பதும் அதைவிட மோசம். எண்களை ஒவ்வொன்றாக, ‘செவன், ஏய்ட்’ என்று சொல்வதே நல்லது. தமிழ்ப் பற்றை நெட் முடிந்ததும் காட்டலாம்.

காணாமல் போன குழந்தை பற்றி: வயது, உடை நிறம், இருக்கும் இடம், இவ்வளவே காற்றில் போகும். பெயரும், தழும்பு மச்சம் போன்ற ஓர் அடையாளமும் தாளில் மட்டும் இருக்கும். அலைவரிசைகளை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனர் யாரிடமும் இருக்கலாம். பெயரைக் கேட்டவன் ‘என் பிள்ளை’ என்று வந்து நிற்கலாம். ஒப்படைப்பது போலீஸ், நாமல்ல.

அக்டோபர் 7, செவ்வாய்

பௌர்ணமி இரவு முடிந்தது. ரிலே தாங்கியது. தொல்லை கொடுத்தவை சின்ன விஷயங்கள்: மேளச் சத்தத்தில் ஸ்பீக்கர் பயனில்லை, எல்லோருக்கும் இயர்போன் வேண்டும். இடுப்பில் மாட்டிய ஹேண்டியின் அலையை உடம்பே விழுங்கிவிடும். பேசும்போது தலைக்கு மேலே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், அதற்கு வயரோடு கைமைக். பி.டி.டி.யை அழுத்திய அந்த நொடியே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும். ரிலேயில் இரண்டு முறை வெட்டுப்பட்டால் செய்தியின் பொருளே மாறலாம். ஒரு நொடி பொறுக்கவும்.

அக்டோபர் 12, ஞாயிறு

வடகிழக்குப் பருவமழை வாசலில். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்த மாதிரி ஒன்று வந்தால் 2 மீட்டர் பட்டையால் ஊரைத் தாண்ட முடியாது. இங்கிருந்து நாகப்பட்டினம் நேர்க்கோட்டில் சுமார் 180 கி.மீ. அதற்கு 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இருபக்கக் கம்பி ஆன்டெனா): ஒரு பக்கம் 10.07 மீட்டர், வெட்டும்போது 10.4. உயரம் 5 மீட்டர் போதும். தாழ்வாகக் கட்டினால் அலை நேர் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றுவட்டாரத்தில் குடைபோல் இறங்கும். பக்கத்து மாவட்டத்துக்கு அதுதான் வேண்டும். 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் குழுவின் ஹாம் நிலையம், சுனாமிக்குப் பின் அந்தமான் செய்திகளைக் கொண்டு சேர்த்ததும் சிற்றலையில்தான்.

இருட்டினால் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊரைத் தாண்டித் தொலைதூரத்துக்குப் போய்விடும். இரவுக்கு 3.6 மெகாஹெர்ட்ஸ், மொத்தக் கம்பி 40 மீட்டர். மாடியில் அவ்வளவு இடமில்லை. நடுவை உயர்த்தி இரு முனையையும் தெரு மரங்களுக்குச் சரித்துக் கட்டப் பார்க்க வேண்டும். முனைகளில் மின்னழுத்தம் அதிகம், கைக்கு எட்டாத உயரம் அவசியம். நைலான் கயிறு 30 மீட்டர் வாங்க வேண்டும்.