அண்ணனைத் தம்பி தள்ளினான்

"எல்லாம் நல்லாப் புரியுது மேடம், பேச்சு மட்டும்தான் வர மாட்டேங்குது." பக்கவாதம் வந்தவரை என் அறைக்கு அழைத்துவரும் மனைவியோ மகனோ முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஸ்பீச் தெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைக் கேட்டு, 'புரிதல்: நன்று' என்று கோப்பில் எழுதிவிட்டு நேரே பேச்சுப் பயிற்சிக்குப் போய்விடுவேன். அந்த வழக்கத்தை மாற்றியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர்.

மூளையின் இடது பக்கம் ரத்த அடைப்பு. வலது கையைத் தூக்க வராது. 'சரி', 'வேணாம்', 'டீ' என்று நாலைந்து சொற்கள்தான் மிச்சம். கண்ணை மூடுங்க ஐயா என்றால் மூடினார். ஜன்னலைக் காட்டுங்க என்றால் காட்டினார். பக்கத்தில் இருந்த மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் படங்களை எடுத்தேன். "மாம்பழத்தைப் பையன் சாப்பிடுறான்" என்றதும் சரியான படத்தைத் தொட்டார். அடுத்து இரண்டு படங்கள். ஒன்றில் அண்ணன் தம்பியைத் தள்ளுகிறான், இன்னொன்றில் தம்பி அண்ணனைத் தள்ளுகிறான். "அண்ணனைத் தம்பி தள்ளுறான். எந்தப் படம் ஐயா?" கொஞ்சமும் தயங்காமல் அண்ணன் தள்ளுகிற படத்தில் விரலை வைத்தார். மெதுவாக மறுபடி சொன்னேன். அதே படம். "என்னங்க, நல்லாக் கேளுங்க" என்று மனைவி பதறினார். மூன்றாம் தடவையும் அதே படம்தான்.

மாம்பழம் பையனைச் சாப்பிடாது. பழம், பையன், சாப்பிடுவது என்று மூன்று சொற்கள் காதில் விழுந்தால் போதும், மீதியை உலக அனுபவம் கட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் தம்பி விஷயம் அப்படி இல்லை. யார் யாரை வேண்டுமானாலும் தள்ளலாம். அங்கே நமக்கு இருக்கிற ஒரே பிடி 'ஐ' என்ற உருபு. இருவரும் ஆண் என்பதால் 'தள்ளுறான்' என்பதில் உள்ள '-ஆன்' கூடக் கைகொடுக்காது. வீட்டுப் பேச்சிலோ அந்த 'ஐ'யும் தேய்ந்துபோகிறது. 'அண்ணன் தம்பியத் தள்றான்', 'அண்ணனத் தம்பி தள்றான்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தள்ளியவனையும் விழுந்தவனையும் பிரித்துக் காட்டுவது கடுகளவு ஒலி.

அந்த மனைவி சொன்னதைத்தான் மருத்துவ உலகமும் நூறு வருடத்துக்கு மேல் நம்பியது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஒரே அசையை மட்டும் சொல்லக்கூடிய நோயாளியின் மூளையை ஆராய்ந்து, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைக் காட்டினார். அந்த வகை நோயாளிகளுக்குப் பேச்சுதான் போகும், புரிதல் அநேகமாக அப்படியே இருக்கும் என்பது பாடமாகிவிட்டது. 1976இல் அல்ஃபோன்ஸோ காரமாட்ஸா, எட்கர் ஸூரிஃப் என்ற ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளைப் படங்களை வைத்துச் சோதித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பையன் ஆப்பிளைச் சாப்பிடுவது போன்ற வாக்கியங்கள் புரிந்தன. ஒருவரை ஒருவர் துரத்தக்கூடிய இரண்டு பேர் வந்து, இலக்கணம் மட்டுமே வழிகாட்டும் இடத்தில் நோயாளிகளுடைய பதில் வெறும் ஊகமாக இருந்தது.

இந்தச் சிக்கலை நம்மவர்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள். 'தடுமாறு தொழிற்பெயர்' என்று தொல்காப்பியம் ஒன்றைச் சொல்கிறது. உரைகாரர்கள் தரும் உதாரணம் 'புலி கொல் யானை'. புலியைக் கொல்லும் யானையா, புலியால் கொல்லப்படும் யானையா? அடுத்து வரும் சொல்தான் தீர்த்துவைக்கும். யானை ஓடுகிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது. யானையின் தந்தம் வந்தது என்றால் புலி முடித்துவிட்டது. கேட்பவர் முடிவைத் தள்ளிப்போட்டு, இரண்டு பொருளையும் ஒரு கணம் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்குத்தான் ஞாபகம் தேவைப்படுகிறது.

கண்டக்டரின் மகன், "அப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சு" என்றார். அதை நான் ஏற்கவில்லை. பழைய பஸ் ரூட்டின் நிறுத்தங்களைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தால் வரிசையாக அடுக்கினார். குறைந்திருந்தது கேட்டதை உடனடியாகப் பிடித்துவைக்கும் திறன். நான் சொன்ன எண்களைத் திருப்பித் தொட்டுக்காட்டச் சொன்னால், மூன்று எண்வரை வந்தது, நான்காவதில் குழம்பினார்.

சரி, ஞாபகம் பெரிதாக இருந்தால் எந்த வாக்கியமும் புரிந்துவிடுமா? 'மாமா அத்தை பையன் வந்ததாகச் சொன்னாள் என்று நினைத்தார்.' ஏழே சொற்கள், ஆரோக்கியமான மூளையே திணறும். மூன்று பேர் உருபில்லாமல் வரிசையில் நிற்கிறார்கள், யாருக்கு எந்த வினை என்று தெரியவில்லை. 'பையன் வந்ததாக அத்தை சொன்னாள் என்று மாமா நினைத்தார்.' அதே ஏழு சொற்கள், ஒரு சிரமமும் இல்லை. ஒருவர் வேலை முடிந்த பிறகே அடுத்தவர் வருகிறார். வினை கடைசியில் வரும் மொழி என்றால் அதுவரை எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று முன்பு நினைத்திருந்தேன். 2000இல் ஜெர்மன் மொழியில் லார்ஸ் கோனீட்ஸ்னியும், 2006இல் இந்தியில் ஷ்ரவண் வசிஷ்டும் ரிச்சர்ட் லூயிஸும் வெளியிட்ட ஆய்வுகளில் நேர்மாறான ஒன்று தெரிந்தது. வினைக்கு முன்னால் கூடுதல் சொற்கள் வந்த சில வாக்கியங்களில் அந்த வினையை மக்கள் வேகமாகவே வாசித்தார்கள். 'நர்ஸ் தாத்தாவுக்கு ஊசியை' என்று கேட்டதுமே 'போட்டாங்க' உங்கள் மனதுக்கு வந்துவிடுகிறது அல்லவா? உருபுகள் சுமையைக் கூட்டுவதில்லை, வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அந்த உருபுகள் நழுவிப்போனவருக்குத்தான் வாக்கியம் வெறும் சொல்மூட்டை.

இவ்வளவு படித்தும் நான் ஒரு தப்பு செய்தேன். அதே கண்டக்டரிடம் ஒரு நாள், "நாளைக்கு டீ குடிக்கிறதுக்கு முன்னாடி ரத்தம் குடுக்கணும் ஐயா" என்றேன். மனைவி அப்போது மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தார். மறுநாள் காலை கண்டக்டர் டீயைக் காட்டிக் கேட்டிருக்கிறார், குடித்திருக்கிறார், நேராக ரத்தப் பரிசோதனைக்கு வந்துவிட்டார். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது. இரண்டு பஸ் மாறி வந்தவர்களைத் திட்டித் திருப்பி அனுப்பினார்கள். பின்னால் நடப்பதை முன்னால் சொன்னது என் வாக்கியம். அவர் அதைக் காதில் விழுந்த வரிசையிலேயே செய்தார். இப்படி வரிசை மாறிய 'முன்பு' வாக்கியங்கள் மூளைக்குக் கூடுதல் வேலை வைப்பதை 1998இலேயே மூளை மின்னலைகளில் பார்த்துவிட்டார்கள். அது எனக்கு அன்று காலைதான் உறைத்தது.

"முதல்ல ரத்தம் குடுங்க. அப்புறம் டீ குடிங்க." இப்போது யாருக்கும் இப்படித்தான் சொல்கிறேன். வீட்டாருக்கும் இதையே கற்றுக்கொடுக்கிறேன்: ஒரு மூச்சில் ஒரு வினை, நடந்த வரிசையில், சின்ன இடைவெளி விட்டு. குழந்தையிடம் பேசுவதுபோல் இழுத்துப் பேச வேண்டாம் என்றும் சொல்வேன், அவர்களுக்கு அது வலிக்கும்.

நாலு மாதம் கழித்தும் அண்ணன் தம்பி படத்தில் அவர் பாதிக்குப் பாதிதான் சரியாகத் தொட்டார். அன்று நான் கோப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி அவர் பக்கம் திரும்பி, "உங்க அண்ணன் மகன் வந்தான்," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "பத்திரிகை வச்சான். கல்யாணம் தை மாசம்." அவர் வழக்கம்போல 'சரி' என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சிரமப்பட்டு வாயைத் திறந்தார்.

"எங்க?"