2023-இன் அறிவியலை எப்படிப் படித்தேன்: ஒரு தேர்வரின் குறிப்புகள்

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களில் பலர் வரலாற்றையும் அரசியலமைப்பையும் மனதாரப் படிப்பார்கள். அறிவியல்-தொழில்நுட்ப நடப்பு நிகழ்வுகளை மட்டும் கடைசி வாரத்திற்கு ஒதுக்கிவைப்பார்கள். மாதத் தொகுப்பிதழ்களை வாங்கி, ஏவிய நாள், ஏவுகலத்தின் பெயர், விருது பெற்றவர் பெயர் என்று உருப்போட்டுவிட்டுத் தேர்வறைக்குப் போவார்கள். 2023 போன்ற ஓர் ஆண்டை அப்படிப் படித்துக் கரையேற முடியாது. நிலவில் தரையிறங்கிய கலம், சூரியனை நோக்கிப் புறப்பட்ட கலம், எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கான நோபல், மரபணுவைத் திருத்தும் முதல் மருத்துவம், செயற்கை நுண்ணறிவு பற்றிய உலக மாநாடு என எல்லாம் ஒரே பன்னிரண்டு மாதங்களில் வந்து குவிந்தன. வெறும் பட்டியலாகப் படித்தால் ஒன்றின் தேதி இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும்.

நான் குரூப் 2, குரூப் 1 தேர்வுகளுக்காக மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படித்த காலத்தில், ஒவ்வொரு செய்தியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகினேன்: இத்தனை காலம் இதற்கு எது தடையாக இருந்தது? அந்தத் தடையை எப்படித் தாண்டினார்கள்? இந்தக் கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுத முடிந்தால் அந்தச் செய்தி என் வசம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வேன். பெயரும் தேதியும் அந்த நான்கு வரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும்.

சந்திரயான்-3-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலை 14 அன்று எல்விஎம்3 ஏவுகலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு அதன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் இறங்கியது. நிலவில் மெதுவாகத் தரையிறங்கிய நான்காவது நாடு இந்தியா. தென்துருவப் பகுதியில் இறங்கிய முதல் நாடும் இந்தியாதான். திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும், ஆகவே இதில் மட்டும் நின்றால் யாரையும் முந்த முடியாது.

தடை எது என்று கேட்டால் 2019 செப்டம்பர் 7-க்குப் போக வேண்டும். சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலத்தில் ஐந்து எந்திரங்கள் இருந்தன. அவை எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசையைத் தந்ததால் சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அதற்கு மென்பொருள் விதித்திருந்த வரம்பு இடம் கொடுக்கவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறிய சதுரம். அந்த இடத்தை எட்டுவதற்காகக் கலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிற்று. 2023-இல் இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் இதை வெளிப்படையாகவே விளக்கினார். ஒரு நிறுவனம் தன் தோல்வியை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன். தேர்வர்களுக்கு அதைவிட நல்ல பாடக்குறிப்பு கிடைக்காது.

இனி மாற்றங்களைப் பாருங்கள். ஐந்து எந்திரங்கள் நான்காயின. இறங்கும் பரப்பு 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என விரிந்தது. கால்கள் வலுவாயின, எரிபொருள் கூடியது, சூரியத் தகடுகள் கூடின. வேகத்தை நேரடியாக அளக்க லேசர் டாப்ளர் வேகமானி சேர்ந்தது. சந்திரயான்-2-இன் சுற்றுக்கலம் நிலவைச் சுற்றி நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்ததால் சந்திரயான்-3-க்குத் தனிச் சுற்றுக்கலம் தேவைப்படவில்லை. உந்துவிசைக் கலம் மட்டும் போனது. 'சந்திரயான்-3-இல் சுற்றுக்கலம், தரையிறங்கு கலம், உலாவி என மூன்று உண்டு' என்று ஒரு கூற்று வந்தால், பட்டியலை மட்டும் படித்தவர் சரி என்று குறிப்பார். காரணத்தைப் படித்தவர் அந்த இடத்தில் நின்று யோசிப்பார்.

கருவிகளையும் இப்படியே படிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது சேஸ்ட் என்ற வெப்பநிலைக் கருவி. பத்து வெப்ப உணரிகள் பதித்த ஒரு கம்பி, நிலவின் மண்ணுக்குள் 10 செ.மீ. வரை இறங்கக்கூடியது. மேற்பரப்பில் சுமார் 50 டிகிரி செல்சியஸ் காட்டிய வெப்பநிலை, சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே சுழியத்திற்குக் கீழே போய்விட்டது. காரணம், நிலவின் மேல்மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. 'வெப்பக் கடத்தல்' என்ற பள்ளிப் பாடம் இங்கே நேராக வந்து சேர்கிறது. என் குறிப்பேட்டில் இந்தப் பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு வரைந்து, மேல்முனையில் 50 என்றும் கீழே கழித்தல் 10 என்றும் எழுதி, பக்கத்தில் சமச்சீர் பாடநூலின் பக்க எண்ணைக் குறித்துவைத்தேன். எல்லாச் செய்திக்கும் இப்படி ஒரு பாடநூல் பக்கத்தைத் தேடிப் பிடித்துவிடுங்கள். அது கிடைக்கவில்லையென்றால் அந்தச் செய்தி உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள்.

லேசரால் தனிமங்களை அறியும் லிப்ஸ் என்ற உலாவிக் கருவி கந்தகத்தைக் கண்டறிந்ததும், செப்டம்பர் 3 அன்று விக்ரம் எந்திரங்களை மீண்டும் இயக்கிச் சுமார் 40 செ.மீ. எழும்பிச் சற்றுத் தள்ளி இறங்கியதும் அதே பக்கத்தில் வரும். நம் ஊரோடு ஒட்டிய செய்தி ஒன்றும் உண்டு. நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு ஒத்த அனார்த்தோசைட் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கிறது. சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை அதைப் பொடித்துத்தான் தயாரித்தார்கள். தமிழ்நாட்டின் கனிம வளம் பற்றிய வினாவிலும் இதை எழுதலாம், விண்வெளி பற்றிய வினாவிலும் எழுதலாம்.

நோபல் பரிசுகளிடம் அதே கேள்வியோடு போனால் இன்னும் தெளிவாகப் பதில் கிடைக்கும். மருத்துவ நோபல் காத்தலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும். எம்ஆர்என்ஏ என்பது புரதம் தயாரிப்பதற்கான செய்தியைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் மூலக்கூறு. செயற்கையாகத் தயாரித்த எம்ஆர்என்ஏவை உடலுக்குள் செலுத்தினால் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியனாகக் கருதி அழற்சியைக் கிளப்பியது. அதுதான் தடை. ஆர்என்ஏவின் காரங்களில் ஒன்றான யுராசிலைக் கொண்ட யூரிடின் வரும் இடத்தில், அதைச் சிறிது மாற்றிய சூடோயூரிடினை வைத்தபோது அழற்சி அடங்கியது. இந்த ஆய்வு வெளிவந்தது 2005-இல். பெருந்தொற்று அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. பரிசு கிடைத்த ஆண்டையும் ஆய்வு நடந்த ஆண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கு இந்தக் கதை ஒன்றே போதும்.

இயற்பியலில் பியர் அகோஸ்தினி, பெரென்ஸ் கிராவுஸ், ஆன் லூயியே ஆகிய மூவர். எலக்ட்ரான்களின் அசைவைப் பார்க்க முடியாமல் இருந்தது, அவ்வளவு வேகம். சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் கண்ணுக்கு ஒரே வட்டமாகத் தெரிவதுபோல, ஒளித்துடிப்பு நீளமாக இருந்தால் எலக்ட்ரானின் அசைவு கலங்கிவிடும். அட்டோநொடி, அதாவது 10-இன் அடுக்கு கழித்தல் 18 நொடி அளவிலான துடிப்புகளை உண்டாக்க வழி கண்டதற்காகப் பரிசு. வேதியியல் பரிசு மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எக்கிமோவ் ஆகியோருக்கு, குவாண்டம் புள்ளிகள் எனும் நானோத் துகள்களுக்காக. ஒரே பொருளாலான துகள் சிறிதானால் நீலமும் பெரிதானால் சிவப்புமாக ஒளிரும். ஒரே அளவில் துகள்களைத் தயாரிக்கத் தெரியாததுதான் தடை. 1993-இல் பவெண்டி அதற்கு வழி கண்டார். மூன்று பரிசுகளையும் பொருத்துக வடிவில் கேட்பது எளிது என்பதால் பெயர்களையும் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

சூரியனை ஆராயப் போன ஆதித்யா-எல்1 பற்றி நூலகத்தில் உடன் படித்த ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, இந்தக் கலம் எப்போது சூரியனுக்குப் பக்கத்தில் போகும்?" போகவே போகாது என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள். பூமியிலிருந்து சூரியன் சுமார் 15 கோடி கி.மீ.; எல்1 புள்ளி 15 லட்சம் கி.மீ. என்று இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினேன். "நூறில் ஒரு பங்குதானா!" என்று அவளே சொல்லிவிட்டாள். பிறகு அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எல்1 என்பது பூமி, சூரியன் இரண்டின் ஈர்ப்பின் துணையால் கலம் அவற்றோடு ஒரே வரிசையில் நிலைக்கக்கூடிய இடம். எந்நேரமும் சூரியனை மறைப்பின்றிப் பார்க்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. சூரிய வட்டின் பேரொளி அதன் வெளி வளிமண்டலமான கரோனாவை மறைத்துவிடும் என்பது தடை. வட்டை மறைத்துக் கரோனாவைப் பார்க்கும் விஇஎல்சி கருவி அதைத் தாண்டுகிறது. மொத்தம் ஏழு கருவிகள், பிஎஸ்எல்வி-சி57, செப்டம்பர் 2, திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. இரண்டு எண்களை அருகருகே எழுதிப் பார்க்கும் பழக்கம் பல பக்க விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளான ஈர்ப்பலைகளிலும் அப்படியே. ஏப்ரல் 2023-இல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் ஈர்ப்பலைகளை உணரும் லைகோ-இந்தியா ஆய்வகத்தை அமைக்க மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஜூன் மாதம், சீரான இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் விண்மீன்களான பல்சார்களைப் பல ஆண்டுகள் கவனித்த குழுக்கள், பேரண்டமெங்கும் பரவிய ஈர்ப்பலைப் பின்னணிக்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தன. புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியும் அதில் பங்கேற்றது. லைகோ உணர்வது நொடியின் சிறு பகுதியில் அதிரும் அலை. பல்சார் முறை உணர்வது ஓர் அதிர்வுக்கே ஆண்டுகள் எடுக்கும் அலை. இவ்விரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

எல்லாச் செய்தியையும் பேனாவால் எழுதாதீர்கள். ஜூலை 2023-இல் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலும் மீக்கடத்தியாக இருக்கிறது என்று தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர் அறிவித்தபோது உலகமே பரபரத்தது. நான் அதைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் 'பிற ஆய்வகங்கள்?' என்று ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன். சில வாரங்களிலேயே மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தன. மின்தடை சட்டென்று குறைந்ததற்கு அதில் கலந்திருந்த தாமிர சல்பைடு காரணம் என்று தெரியவந்தது. எல்கே-99 மீக்கடத்தி அல்ல. ஆனாலும் அந்த வரியை நான் அழிக்கவில்லை. மின்தடை சுழியமாவதோடு காந்தப்புலத்தையும் வெளித்தள்ள வேண்டும், அதாவது மெய்ஸ்னர் விளைவு இருக்க வேண்டும் என்ற மீக்கடத்தியின் இலக்கணத்தை அந்தச் செய்திதான் எனக்கு நன்றாகப் பதியவைத்தது.

சில பகுதிகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தேசிய குவாண்டம் இயக்கம்: ஏப்ரல் 19 ஒப்புதல், 6,003.65 கோடி ரூபாய், 2030-31 வரை. விண்வெளி ஆய்வு ஒத்துழைப்புக்கான ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது ஜூன் 21. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகஸ்டில். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் டிவி-டி1 சோதனை அக்டோபர் 21. பிளெட்ச்லி பார்க் செயற்கை நுண்ணறிவு மாநாடு நவம்பர் 1, 2. இவற்றை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், போதும்.

ஆண்டின் இரு எல்லைகளிலும் கவனம் தேவை. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர். 2023 மார்ச்சில் வந்தது ஜிபிடி-4. ஆதித்யா புறப்பட்டது 2023, எல்1 சுற்றுப்பாதையை அடைந்தது 2024 ஜனவரி 6. எக்ஸ்-கதிர் ஆய்வுக் கலமான எக்ஸ்போசாட் ஏவப்பட்டது 2024 ஜனவரி 1. தேசிய விண்வெளி நாள் 2023-இல் அறிவிக்கப்பட்டது, முதன்முதலில் கொண்டாடப்பட்டது 2024-இல். வினா அமைப்பவருக்கு இவையெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை.

முதன்மைத் தேர்வுக்கு வேறு வகைத் தயாரிப்பு வேண்டும். அதற்கு நான் தேர்ந்தெடுத்த செய்தி காஸ்கெவி. கதிர் அரிவாள் இரத்த சோகைக்கான இந்த மருத்துவத்திற்கு 2023 நவம்பர் 16 அன்று பிரிட்டன் உலகிலேயே முதலாவதாக ஒப்புதல் தந்தது. டிசம்பர் 8 அன்று அமெரிக்கா. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதில் வாலின் வந்து உட்காருவதால் சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது என்பது மேல்நிலை விலங்கியல் பாடம். காஸ்கெவி அந்தப் பிழையை நேரடியாகத் திருத்துவதில்லை. கருவிலிருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த பிறகு பிசிஎல்11ஏ மரபணு அதன் உற்பத்தியை அடக்கிவிடுகிறது. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையைக் கொண்டு அந்த அடக்கும் மரபணுவின் வேலையை முடக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். கருவின் ஹீமோகுளோபின் திரும்ப உருவாகிறது.

இத்தோடு நிறுத்தினால் அது வெறும் அறிவியல் குறிப்பு. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், நீலகிரியின் பழங்குடி மக்களிடம். 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. அது பெரிதும் நம்பியிருப்பது எளிய இரத்தப் பரிசோதனையையும் மரபணு ஆலோசனையையும். காஸ்கெவிக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். என் விடைத்தாளுக்கான குறிப்பை நான் இந்த வரிசையில்தான் அமைத்தேன்: பாடநூலின் வாலின், நீலகிரி 1952, ஷாடோல், பிரிட்டன், பிறகு விலை. முதல் நான்கையும் எழுதி முடிக்கும்போது, ஐந்தாவதாக வரும் விலைதான் இப்போதைய தடை என்பது தானே கண்முன் நிற்கும். 'இந்தியாவின் வளர்ச்சியில் அறிவியலின் பங்கு' என்று கேட்டால் அந்தத் தடையை எப்படித் தாண்டலாம் என்பதற்கே விடையின் பாதிப் பக்கத்தை ஒதுக்குங்கள். உள்நாட்டில் மரபணுத் திருத்த ஆய்வு, பழங்குடிப் பகுதிகளில் ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிறந்த குழந்தைக்குப் பரிசோதனை என்று எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.