மலிவு விலைக் கம்பி பிரஷ்களும் ஒரு திண்டுக்கல் பூட்டும்

ரோட்டரி டூலில் (கையில் பிடித்து ஓட்டுகிற, முனை வேகமாகச் சுழலும் சின்ன மின்கருவி) மாட்டுகிற குட்டிக் கம்பி பிரஷ்களில், பெயர் தெரிந்த கம்பெனியின் ஒன்றிரண்டு வாங்கும் காசுக்குப் பெயரில்லாதவை ஒரு பாக்கெட் நிறையக் கிடைக்கும். நான் வாங்கியது அந்த ரகம்தான். சக்கரம், கிண்ணம், பேனா என்று மூன்று வடிவம். பாதி இரும்பு நிறம், பாதி பித்தளை நிறம். இவற்றை வைத்து ஒரு பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது.

பூட்டு கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது 2019-ல். இது அதற்கு வெகுகாலம் முன்பே யாரோ தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, ரிவிட் அடித்துக் கையாலேயே செய்த பூட்டு. அந்த அரத்தின் கோடுகள் விளிம்பில் இன்னும் தெரிகின்றன. எமரி தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு சேர்ந்து அந்தக் கோடுகளும் போய்விடும். கம்பி பிரஷ் துருவைத்தான் முதலில் பிடிக்கும், அடியில் இருக்கிற கெட்டி இரும்பை அவ்வளவாகத் தொடாது. இந்த வேலைக்கு நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். வினிகரில் ஊறப்போடலாமே என்று கேட்பார்கள். இரும்போடு பித்தளையும் சேர்ந்திருக்கிற பொருளுக்கு அது எனக்குப் பிடிக்காத வழி. அமிலத்தில் கிடந்தால் பித்தளையின் துத்தநாகம் கரைந்து மேற்பரப்பு செம்புபோல் சிவந்துவிடும். அதனால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்துக் காயவிட்டு, வாசனை முழுக்கப் போன பிறகே டூலை எடுத்தேன். கம்பி இரும்பில் உரசும்போது சின்னப் பொறி வரலாம். மண்ணெண்ணெய் ஈரத்தோடு அந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

பிரஷ்ஷை மாட்டுவதற்கு முன் ஒரு காந்தத்தை எடுத்து எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். என் பாக்கெட்டில் பித்தளை நிறத்தில் இருந்த சக்கரங்கள் காந்தத்தில் பட்டென்று ஒட்டிக்கொண்டன. அதாவது, கம்பி இரும்பு, மேலே பித்தளை முலாம். பேனா வடிவத்தில் இருந்தவை ஒட்டவில்லை. அவை அசல் பித்தளை. இந்த வித்தியாசம் இங்கே ரொம்ப முக்கியம். பூட்டின் சாவித் துவார மூடி பித்தளை. அதில் இரும்புக் கம்பி பட்டால் கீறல் கீறலாக விழும், பிறகு என்ன செய்தாலும் மறையாது. முலாம் பூசியவற்றை இரும்புப் பகுதிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது வேகம். ரோட்டரி டூல் செய்கிற டிரெமல் கம்பெனி தன் கம்பி பிரஷ்களுக்கு 15,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று எல்லை வைத்திருக்கிறது. இத்தகைய டூல்களோ 30,000 வரை சுற்றும். பெயரில்லாத பாக்கெட்டில் எந்த எண்ணும் அச்சிடவில்லை. ஆகவே 15,000-க்கும் கீழேதான் வைக்கிறேன். 22 மி.மீ. சக்கரம் 15,000-ல் சுற்றும்போதே கம்பியின் நுனி மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் கம்பியை வெளியே இழுக்கிற விசை நான்கு மடங்காகும். மலிவு பிரஷ்ஷில் கம்பியைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் நசுக்கிய ஒரு தகரத் துண்டு மட்டுமே. அதை நம்பி நான்கு மடங்கு விசைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

பிரஷ்ஷின் தண்டு எவ்வளவு கனம் என்றும் கவனியுங்கள். சில பிரஷ்களில் 3 மி.மீ., சிலவற்றில் அதைவிட மெலிந்த 2.35 மி.மீ. இரண்டுக்கும் ஒரே காலெட் (தண்டை இறுக்கிப் பிடிக்கிற டூலின் பிடிவளையம்) சரிவராது. மெலிந்த தண்டை வெளியே நீட்டி மாட்டினால் வேகத்தில் வளைந்து ஆட ஆரம்பிக்கும். காலெட்டுக்குள் எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளி இறுக்குவது நல்லது.

புது பிரஷ்ஷை நேராகப் பொருளில் வைப்பதில்லை. ஓர் அட்டைப் பெட்டிக்குள் டூலின் முனையை விட்டு ஒரு நிமிடம் சும்மா சுற்றவிடுகிறேன். தளர்வாக இருக்கிற கம்பிகள் அங்கேயே கழன்று விழுந்துவிடும். அட்டையில் டிக் டிக் என்று அவை அடிக்கிற சத்தம் கேட்டால் முகக்கவசத்தின் அருமை புரியும். கண்ணாடியோடு நிறுத்தாமல், நெற்றியிலிருந்து தாடை வரை மறைக்கிற கவசமே போட்டுக்கொள்ளுங்கள். பிரஷ்ஷில் மிச்சம் பிடித்த காசை அதில் போட்டால் சரி. துருத் தூளுக்கு என்95 மாஸ்க். துணிக் கையுறை வேண்டாம், நூல் கம்பியில் சுற்றிக்கொள்ளும். சின்னப் பொருளைக் கையில் பிடிக்காமல் வைஸில் (மேசையில் பொருத்துகிற இறுக்குப்பிடி) பிடியுங்கள்.

சரி, தேய்க்கிற கதைக்கு வருவோம். கம்பியின் நுனிதான் வெட்டுகிறது. அழுத்தினால் கம்பி படுத்துவிடும். படுத்த கம்பி துருவை எடுப்பதற்குப் பதில் அதையே மெருகேற்றிவிடும். கறுப்பாகப் பளபளவென்று ஆனதும் சுத்தமாகிவிட்டது என்று தோன்றும், ஆணி முனையால் லேசாகச் சுரண்டினால் செந்தூள் உதிரும். பூட்டு வளையத்தின் உள்வளைவில் எனக்கு இப்படித்தான் இருந்தது. வேகத்தைக் குறைத்து, பிரஷ் தொட்டும் தொடாததுமாக, குறுக்கும் நெடுக்குமாகப் போனபோது அது கழன்றது. விளிம்புக்கு வரும்போது பிரஷ் உள்ளிருந்து வெளியே ஓடுகிற திசையில் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் விளிம்பைத் தொட்டால் டூல் கையிலிருந்து எகிறும்.

முன்பக்கத் தகட்டில் குத்திய எழுத்துகளுக்குப் பேனா பிரஷ். இந்த இடத்துக்காகவே பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு தகும். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் துரு கெட்டியாக அப்பியிருந்தது. பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து எழுத்தின் மேலேயே நகர்த்தினால், பழுப்புத் தூள் ஓரத்தில் ஒதுங்கி, அடியில் சாம்பல் நிறத்தில் உளி இறங்கிய தடம் தெரிகிறது. ஓர் எழுத்து மற்றதைவிடக் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது. குத்தியவரின் கை அப்படியே இருக்கிறது. இதைத் தேய்த்து மழுங்கடிக்காமல் வெளியே கொண்டுவர முடிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூடியில் பச்சைக் களிம்பு. அசல் பித்தளைப் பிரஷ்ஷால், டூலின் மிகக் குறைந்த வேகத்தில் தொட்டதும் பெரும்பகுதி போய்விட்டது. பளபளப்பு ஏற்றவில்லை, பழைய நிறம் இருக்கட்டும். இவ்வளவு மெதுவாக ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். டூல் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்து, இடையிடையே ஆறவிடுங்கள்.

பூட்டின் உள்ளே மட்டும் கம்பி பிரஷ்ஷை விடவில்லை, விடவும் மாட்டேன். ஒரே ஒரு கம்பி முறிந்து லீவர்களுக்கு (சாவி திருப்பும்போது நகர்கிற உள்தகடுகள்) நடுவில் சிக்கினால் பூட்டு நிரந்தரமாக இறுகிவிடும். அங்கே பழைய பல்துலக்கும் பிரஷ்தான். அப்புறம் பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவி விட்டேன். எண்ணெய் விட்டால் தூசு சேர்ந்து பிசுபிசுத்துப் போகும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய், மெல்லிய பூச்சாக, அன்றைக்கே. தேய்த்து வைத்த இரும்பு ஈரக்காற்றில் ஓர் இரவிலேயே மறுபடி பழுக்கும்.

வேலை முடிந்ததும் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தரை முழுக்க ஓட்டுகிறேன். பையை உள்வெளியாகத் திருப்பினால் கம்பிகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் நாம். தலைமுடி கனத்துக் கம்பி பாதத்தில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. பித்தளைக் கம்பி காந்தத்துக்கு வராது, அதற்கு ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

பிரஷ்களின் நிலைமை: சக்கரங்கள் பாதி முடி கொட்டியும் ஓடுகின்றன. பேனா வடிவத்தவை நுனி விரிந்து பூப்போல ஆகிவிட்டன, அவைதான் சீக்கிரம் தீர்கின்றன. கிண்ண வடிவத்தை இந்தப் பூட்டில் வைக்க இடமே இல்லை. அகலமான தட்டைப் பரப்புக்கு அதைவிடக் கை பிரஷ்ஷே வேகம். அடுத்த முறை செட்டாக வாங்காமல் பேனா வடிவத்தை மட்டும் உதிரியாக வாங்குவேன், காந்தத்தையும் கடைக்கு எடுத்துப் போவேன். பூட்டில் இன்னும் பின்பக்கத் தகடும் ரிவிட் தலைகளும் பாக்கி.