பறித்த இலை வாடும் முன்

ஆகஸ்ட் 4

கோத்தகிரியில் காலையில் பறித்த தேயிலைக் கொழுந்தைப் பிளாஸ்டிக் பையில் அமுக்கிக்கொண்டு ஊட்டி பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். ஆய்வகத்தில் பையைப் பிரித்தால் இலை கதகதவென்று இருந்தது, ஓரமெல்லாம் பழுப்பு. இருந்தாலும் அரைத்து, எத்தனாலில் ஊறவைத்து, வடித்த சாற்றை டிபிபிஹெச் என்ற ஊதா நிறச் சோதனைக் கரைசலில் விட்டேன். ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் வலுவாக இருந்தால் அந்த ஊதா நிறம் மஞ்சளாக மாற வேண்டும். இருட்டில் அரை மணி நேரம் வைத்தும் லேசாக வெளிறியதோடு சரி.

ஆகஸ்ட் 5

அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். "அமுக்கிக் கட்டினால் கொழுந்து வெந்துபோகும், கண்ணு. தளர்வாகப் போட்டிருக்க வேண்டாமா?" என்றார்.

வேதியியலும் அதையே சொல்கிறது. இலை கசங்கியதும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, நான் தேடும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களான கேட்டெக்கின்களை மாற்றத் தொடங்கிவிடும். கறுப்புத் தேயிலைக்கு அந்த மாற்றம் வேண்டும். அதற்காகவே தொழிற்சாலையில் இலையைக் கசக்குகிறார்கள். எனக்கு அது நடக்கவே கூடாது. கரைப்பான்களைப் பற்றி ஒரு மாதம் படித்தவள், பறித்த பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி யோசிக்காமல் போனேனே என்று மனம் வலிக்கிறது.

ஆகஸ்ட் 7

பறித்த கையோடு இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவியில் வைத்தோம். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நொதியை அடக்க அதுவே போதும். பரப்பி ஆறவைத்து எடுத்துவந்து, 50 டிகிரியில் உலர்த்தினேன். கையில் நொறுங்கும்போதும் இலை பச்சையாகவே இருந்தது. எத்தனை அழகு!

ஆகஸ்ட் 10

விடாத மழை. மின்சாரம் இல்லை.

ஆகஸ்ட் 12

ஒரே பொடியை மூன்று குடுவைகளில் போட்டேன்: தண்ணீர், தூய எத்தனால், இரண்டும் சரிபாதி. 60 டிகிரியில் 30 நிமிடம். தூய எத்தனாலில் பச்சையம்தான் அதிகம் இறங்கியது. சரிபாதிக் கலவையே முந்தியது. தண்ணீர் இலைத் திசுவை உப்பச் செய்கிறது, எத்தனால் உள்ளே இருப்பதைக் கரைத்து எடுக்கிறது. கேட்டெக்கின் போன்ற பாலிபீனால்கள் கூடக்கூட அடர் நீலம் காட்டும் ஃபோலின் சோதனையில், அந்த நீலத்தை 765 நானோமீட்டர் ஒளியில் அளந்தபோதும் அதுவே முதலில் நின்றது. சக்கையில் புதுக் கலவை ஊற்றி மறுபடி எடுத்தேன். அதிலும் நல்ல நீலம். சாறு செறிவாக ஆக, இலையிலிருந்து வெளிவரும் வேகம் குறைந்துவிடும் என்பதால், ஒரே கலவையில் மணிக்கணக்காக ஊறவைப்பதைவிட இதுவே மேல்.

டிபிபிஹெச் இம்முறை மஞ்சளானது. படத்தைப் பார்த்த அம்மா, அடுத்த வாரம் கவாத்து வெட்டும்போது கீழே விழும் முற்றிய இலையிலும் இது இருக்குமா என்று கேட்டார். இருக்கும், கொழுந்தைவிடக் குறைவாக. ஒரு கூடை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், தளர்வாக.