பெயர்த்தால் உடையும் கல்

கடை திறப்பு விழாவுக்குக் கட்டட மதிப்பீட்டுப் பொறியாளரை யாரும் கூப்பிடுவதில்லை. வாடகைதாரர் காலி செய்யும்போதுதான் நினைவு வரும். தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று அளவு நாடாவோடு அலைகிற எனக்கு, "இதை யார் போட்டது, யாருக்குச் சேரும்?" என்ற வழக்குகள் ஓய்வதே இல்லை.

சாவடியின் இரு பக்கமும் கடைத்தெருவில் பேச்சு தமிழ்தான். சட்டம்தான் மாறிவிடுகிறது. கேரளத்தில் 1965ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். தமிழ்நாட்டில் பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குழாய் மாற்றுவது யார், சுவிட்சைப் பழுது பார்ப்பது யார் என்று அதில் அட்டவணையே உண்டு. ஆனால் பேக்கரிக்காரர் தன் செலவில் போட்ட ஃபால்ஸ் சீலிங்குக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அப்போது எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருக்காவிட்டால், வாடகைதாரர் தாம் பதித்ததை, இடம் தம் வசம் இருக்கும்வரை கழற்றிக்கொள்ளலாம். இடத்தை மட்டும் வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும்.

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. சித்தூரில் ஒரு பேக்கரியில் அதை நடத்திப் பார்த்தார்கள். தரை முழுக்கக் கறுப்பு கிரானைட், வாடகைதாரர் போட்டது. மூலையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் முதல் கல் மூன்று துண்டாக வந்தது. அடியில் விரற்கடை கனத்துக்குச் சிமென்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே பழைய ரெட் ஆக்சைடு தரை, சிமென்ட் பிடிப்பதற்காக உளியால் கொத்திய அம்மைத் தழும்புகளோடு தெரிந்தது.

உரிமையாளர் குனிந்து பார்த்தார். "தம்பி, இது எங்கள் அப்பா காலத்துத் தரை. இதைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிட்டு உன் கல்லை எடுத்துக்கொண்டு போ."

"ஐயா, கொத்தும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள்தானே?"

இருவர் சொன்னதும் உண்மை. பெயர்த்த கல்லுக்குச் சந்தையில் விலை கிடையாது. பெயர்க்காத கல்லுக்கு அடுத்த வாடகையில் விலை உண்டு. ஆகவே கழற்றும் உரிமை என்பது நடைமுறையில் மிரட்டும் உரிமைதான். "உடைத்துவிட்டுப் போவேன்" என்று ஒருவர் சொல்ல, "உடைத்தால் அட்வான்ஸில் பிடிப்பேன்" என்று மற்றவர் சொல்ல, நடுவில் ஒரு தொகை உருவாகும். நான் எழுதும் மதிப்பீடு அந்தப் பேரத்துக்கு ஓர் ஊன்றுகோல், அவ்வளவே.

கண்ணுக்குத் தெரியாத செலவுதான் இன்னும் மோசம். ஓவனுக்காகத் த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்கி, டெபாசிட்டும் கட்டியவர் வாடகைதாரர். இணைப்போ உரிமையாளர் பெயரில். கிரானைட்டையாவது உடைக்கலாம். கூட்டி வாங்கிய மின்பளுவை எப்படிப் பெயர்ப்பது? பேக்கரிக்காரர் அந்த ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயர்தான் இருந்தது.

வாடகையில் கழித்துக்கொள்வது இன்னொரு வினை. "கூரை ஷீட்டை நீயே மாற்று, வாடகையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். உரிமையாளர் செய்தே ஆக வேண்டிய பழுதை, அறிவித்தும் செய்யாமல் விட்டால், வாடகைதாரர் செய்து கழித்துக்கொள்ள 108ஆம் பிரிவு இடம் தருகிறது. அழகுபடுத்தியதற்கோ, கழிப்பறை புதிதாகக் கட்டியதற்கோ அது பொருந்தாது. கேரளப் பக்கம் வாடகை பாக்கி என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். கழித்த தொகை பாக்கியாக மாறி நோட்டீஸில் வந்து நிற்கும். உத்தரவுக்குப் பிறகும் கட்டித் தப்பிக்கச் சட்டம் அவகாசம் தருகிறது என்பது ஆறுதல். கூரைக்கும் கட்டி, வாடகைக்கும் கட்டுவது ஆறுதலா என்பது வேறு.

இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்தவர்கள் கதை தனி. கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ கணிசமாகவும் நிரந்தரமாகவும் குறைத்தால் காலி செய்யச் சொல்லலாம் என்கிறது கேரளச் சட்டம். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். மரத்தடுப்பை எடுத்ததற்கெல்லாம் வழக்குப் போட்டுவிட்டு என்னிடம் சான்றிதழ் கேட்டு வருவார்கள். தரமாட்டேன்.

இத்தனைக்கும் காகிதத்தில் இருப்பது என்ன? ஓராண்டைத் தாண்டினால் பதிய வேண்டும் என்பதற்காகப் பதினொரு மாத ஒப்பந்தம். அதில் கடை எண், வாடகை, அட்வான்ஸ். பிறகு "நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரே வரி. எந்தத் தரை, எந்தச் சுவர் என்று ஒரு சொல் இருக்காது. அந்த நம்பிக்கையில் லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள்.

பேக்கரிக்காரர் ஓவனையும் கண்ணாடி அலமாரிகளையும் எடுத்துக்கொண்டார். தரை அப்படியே நின்றது. அட்வான்ஸில் ஒரு பகுதி கழிந்தது. மின் டெபாசிட்டைப் பற்றி உரிமையாளர் "அது போர்டில் இருக்கிறது, என்னிடம் இல்லை" என்றார். சொல்லளவில் சரிதான்.

இப்போது தெரிந்தவர்கள் கடை எடுத்தால், சாவி வாங்கும் நாளிலேயே தரை, சுவர், மீட்டர் பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டியலில் இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கச் சொல்கிறேன். சென்ற மாதம் பொள்ளாச்சியில் ஓர் உரிமையாளர் பட்டியலைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வரும்போதே சண்டைக்குத் தயாராக வருகிறவருக்குக் கடை இல்லை" என்றார். வாடகைதாரர் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டார். இடம் நல்ல முக்கு.